முயலுக்கு மூண்டு கால், கூட்டுக்கு நாலு கால்

போன கிழமை ஒரே காணொளி மூண்டு பக்கத்தால எனக்கு வந்து சேர்ந்தது. ரொறன்ரோவில இருந்து மச்சான். சுவிஸில இருந்து சின்னம்மா. பிறகு எங்கட ஒழுங்கையிலயே இருக்கிற அண்ணை ஒராள். (அவர் வேலியால எட்டிக் கூப்பிட்டாலே எனக்குக் கேக்கும். எண்டாலும் வட்ஸ்அப்பிலதான் அனுப்புவார்.)

மூண்டு தட்டில அடுக்கின முயல் கூடு. புதுக் கம்பிவலை வெயிலுக்குப் பளபளக்குது. பின்னால பச்சை மலை, கொஞ்சம் புகார். கதைக்கிறவர் கூட்டுக்குக் கீழ கையைக் காட்டிச் சொல்லுறார்: கழிவைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை, எல்லாம் நிலத்தில விழும், மண் குடிச்சிடும், உங்களுக்கு இலவச உரம்.

அதுக்குக் கீழ மச்சான்ர குரல். "மச்சான், உனக்கென்ன, வளவு சும்மாதானே கிடக்கு. உப்பிடி ஒரு அஞ்சு அடுக்கு அடிச்சு விடன். புங்குடுதீவு முயல் எண்டு ஒரு பேரே வந்திடும்."

பேர் வரும். எப்பிடிப்பட்ட பேர் எண்டதுதான் கேள்வி.

கொரோனாக் காலத்தில இருந்து நானும் முயல் வளர்க்கிறன். அந்த "மண் குடிச்சிடும்" எண்ட ஒரு கதைக்காகவே இவ்வளவு நீளத்துக்கு எழுதப்போறன். அவசரமெண்டால் விட்டிட்டுப் போங்கோ, கோவிக்கமாட்டன்.

முதல்ல, எந்த மண்?

எங்கட பக்கத்தில ஒரு அலவாங்கு எடுத்துக் குத்திப் பாருங்கோ. கொஞ்சம் இறங்கினதும் 'டங்' எண்டு கேக்கும். சுண்ணாம்புக்கல். மேல கிடக்கிற மண் மெல்லிசு, கல்லுக்குள்ள முழுக்க வெடிப்பும் துவாரமும். மேல ஊத்தினது கீழ போய்ச் சேரக் கனநேரம் எடுக்காது. மண் குடிக்கிறேல்லை. கிணறுதான் குடிக்குது.

தீவுக்குக் கீழ நல்ல தண்ணி எப்பிடி நிக்குது தெரியுமோ? மழைத்தண்ணி இறங்கி, உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது. நல்ல தண்ணிக்குப் பாரம் குறைவு, அவ்வளவுதான் விசயம். கடல்மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு அடி நிண்டால், கடல்மட்டத்துக்குக் கீழ ஏறக்குறைய 40 அடிக்கு அது இருக்கும். இந்தக் கணக்கை 19ஆம் நூற்றாண்டு முடியிற நேரம் ஒரு ஒல்லாந்துப் படைப் பொறியாளரும், 1901இல ஹேர்ஸ்பேர்க் எண்ட ஜெர்மன்காரரும் தனித்தனியாப் போட்டினம். (ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில 1658இல இருந்து 1795 வரைக்கும் இருந்தவை. போன பிறகுதான் கணக்குப் போட்டிருக்கினம்.) அதையே மற்றப் பக்கமாப் பாருங்கோ: மேல ஒரு அடி குறைஞ்சால், கீழ நாப்பது அடி போச்சு.

அதால எங்கட ஊரில நல்ல தண்ணிக் கிணறெண்டால் அதுக்கொரு மரியாதை. மற்ற எல்லாம் சவர். பவுசர் வாற நேரம் பாத்துக் குடம் அடுக்கிற சனம் நாங்கள். இருக்கிற கொஞ்ச நல்ல தண்ணிக்கு மேல முயல் மூத்திரத்தை விடுறதுக்கு ஒரு துணிவு வேணும்.

மூத்திரத்தில இருக்கிற நைதரசன் மண்ணில கிடந்து நைத்திரேற்றா மாறும். நைத்திரேற்று தண்ணியோட போகும், மணமும் இல்லை, நிறமும் இல்லை, கொதிக்க வைச்சாலும் போகாது. குடிதண்ணியில லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது எண்டு உலக சுகாதார அமைப்புச் சொல்லுது. கூடினால் முதல்ல பாதிக்கிறது கைக்குழந்தையை. ரத்தம் ஒட்சிசனைக் காவ மாட்டுது, பிள்ளை நீலம் பாரிக்கும். வலிகாமப் பக்கத்துக் கிணறுகளில நைத்திரேற்று கூடிப்போச்செண்டு 1980களில இருந்தே ஆய்வுகள் வந்துகொண்டிருக்கு. அங்க அதுக்குக் காரணம் தோட்டத்துக்குப் போட்ட பசளையும் மலசலகூடக் குழியும். நாங்கள் முயலால போய் அந்த வரிசையில நிக்கத் தேவையில்லை.

ஆக, கிணத்தில இருந்து 50 அடி தள்ளித்தான் கூடு. மலசலகூடக் குழிக்குச் சொல்லுற அதே தூரம். அதுக்குப் பிறகும் ஒரு சொட்டும் நிலத்தில விழக்கூடாது எண்டதுதான் என்ர பிடிவாதம். தான் பிடிச்ச முயலுக்கு மூண்டு கால் எண்டு சொல்லுவினமே, அப்பிடியான பிடிவாதம்.

சரி, கூட்டுக்கு வருவம்.

சட்டத்துக்கு எனக்குச் செலவில்லை. 91இல ஊர் முழுக்க இடம்பெயர்ந்தபோது விட்டிட்டுப் போன எங்கட பழைய வீட்டின்ர கூரை, பிறகு கழட்டேக்க பனந்தீராந்தியும் சிலாகையும் மிஞ்சிக் கிடந்தது. நல்ல வைரமான, கறுத்த பனை. ஆணி அடிக்கப் போனால் ஆணிதான் வளையும். துளைபோட்டுத்தான் முறுக்காணி இறக்கோணும். கறையான் கிட்டவும் வராது. இரும்புச் சட்டம் அடிச்ச ஆக்கள் இருக்கினம். சோளகம் வீசத் தொடங்கினால் ஆறு மாசத்தில கறள் உதிருறதைப் பாக்கலாம். கடற்கரை ஊரில இரும்பு வாங்குறவன் பணக்காரன்.

கால் மூண்டடி உயரம். இதுக்குக் காரணம் ரண்டு. ஒண்டு, நாய். எங்கட ஊரில ஆளில்லாத வீடுகள் கனக்க, அதுகளுக்குக் காவல் இருக்கிற நாயளும் கனக்க. மற்றது நான். கீழ கூட்டி அள்ளுறது நான்தானே. இடுப்பு வளையாமல் கை போகிற உயரம் இல்லாட்டில், ரண்டாம் மாசமே நீங்கள் கூட்டித் துடைக்கிறதை விட்டிடுவியள். முயல் வளர்ப்பைக் கைவிட்ட ஆக்களில பாதிப்பேர் இடுப்பு நோவாலதான் விட்டிருப்பினம் எண்டது என்ர அபிப்பிராயம்.

அடித்தளத்துக்குப் பலகை போடாதேங்கோ. பலகை மூத்திரத்தைக் குடிக்கும், மழை முகில் கட்டினால் திருப்பிக் கக்கும். அறுகோணக் கண் போட்ட கோழிவலையும் வேண்டாம், கால் விரல் மாட்டுப்படும், நாய் இழுத்தால் கிழியும். ஒட்டின கம்பிவலைதான் வேணும். அடிக்கு அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலக் கண், 14 கேஜ் தடிப்பு. புழுக்கை விழும், கால் விழாது. பக்கத்துக்கு ஒரு அங்குலக் கண் காணும். ஆனா அடியில இருந்து நாலு அங்குலத்துக்கு அதே அரை அங்குல வலை சுத்திவரப் போடோணும். குட்டி போட்டால் விளங்கும் ஏன் எண்டு. முயல்குட்டி பிறக்கேக்க கண் திறக்காது, மயிரும் இராது, உள்ளங்கையில கிடந்து நெளியும். (காட்டு முயல் வேற சாதி, அதின்ர குட்டி கண் திறந்து மயிரோட பிறக்கும். எங்கட ஆக்கள் ரண்டையும் ஒண்டெண்டு நினைக்கினம்.)

ஒரு முயலுக்கு ரண்டரை அடி நீளம், ரண்டடி அகலம், ஒண்டரை அடி உயரம். தாய்முயலுக்குக் குட்டிப்பெட்டி வைக்க இன்னும் கொஞ்சம்.

கம்பி எடுக்கேக்க ஒண்டு கேளுங்கோ: ஒட்டின பிறகு நாகம் பூசினதோ, பூசின கம்பியை ஒட்டினதோ? கடைக்காரருக்குத் தெரியாட்டில் ஒட்டுப் போட்ட இடத்தை உத்துப் பாருங்கோ. அதிலயும் பூச்சு மூடியிருந்தால் நல்லது. ஒட்டு பழுப்பா எரிஞ்ச மாதிரித் தெரிஞ்சால், கறள் அங்கயிருந்துதான் தொடங்கும். மூத்திரமும் உப்புக்காத்தும் சேர்ந்து அந்தப் புள்ளியைத்தான் முதல்ல தின்னும்.

இப்ப அடுக்குக் கதை.

நான் ஒரே தட்டோட நிண்டிட்டன். அடுக்கிறவைக்கு ஒவ்வொரு தட்டுக்குக் கீழயும் ஒரு சாய்வுத் தகடு வேணும், இல்லாட்டில் மேல்வீட்டு மூத்திரம் கீழ்வீட்டுத் தலையில. அதை எல்லாரும் யோசிப்பினம். யோசிக்காதது காத்து. அமோனியா காத்தை விடப் பாரம் குறைஞ்சது, மேல எழும்பும். கீழ தேங்கினதெல்லாம் மூண்டாம் தட்டில இருக்கிற முயலின்ர மூக்குக்குத்தான் போகும். முயலின்ர மூக்கு எங்கட மூக்கு மாதிரிப் பொறுக்காது. தும்மத் தொடங்கும், சளி வரும். அதை முன்னங்காலாலயே துடைக்கும். அதால முன்னங்காலின்ர உள்பக்கத்து மயிர் நனைஞ்சு திரண்டு ஒட்டிப்போய்க் கிடக்கும். முயல் வாங்கப் போனால் மூக்கைப் பாக்காதேங்கோ. விக்கிறவர் துடைச்சுத்தான் வைச்சிருப்பார். காலைத் திருப்பிப் பாருங்கோ.

அந்தக் காணொளியில தெரிஞ்ச மலை கொடைக்கானல் மாதிரித்தான் இருந்தது. அங்க மன்னவனூரில இந்திய அரசாங்கத்தின்ர செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிலையம் ஒண்டு இருக்கு. வெள்ளை ஜயன்ட், சோவியத் சின்சில்லா எண்டு இறைச்சி முயல் இனங்களை வளர்த்து விவசாயிகளுக்குக் குடுக்கினம். குளிர் மலை. அங்க முயல் சிரிச்சுக்கொண்டு இருக்கும். இங்க பங்குனி சித்திரையில நான் மூச்சு வாங்குறன், முயல் என்ன செய்யும்? அதுக்கு வேர்க்காது. சூடு போறது காதாலதான். முப்பது பாகைக்கு மேல நாள்கணக்கா நிண்டால் கடுவன் கொஞ்சக் காலத்துக்குக் குட்டி குடுக்க உதவாது. அதால எனக்கு அடுக்கு முக்கியமில்லை, வேப்பமர நிழலும் தகரத்துக்கு மேல போட்ட பனையோலையும்தான் முக்கியம். வெறும் தகரக் கூரைக்குக் கீழ முயல் வைக்கிறது பாவம்.

பின்னேரத்தில போத்தலில தண்ணி உறைய வைச்சு உள்ள உருட்டி விடுவன். அதில போய்ச் சாய்ஞ்சு படுக்கிறதைப் பாக்க வேணும். மின்சாரம் நிண்டால் அந்தச் சுகமும் இல்லை.

இனித்தான் கீழ்ப்பக்கம். இதுக்குத்தான் இவ்வளவும்.

சாய்வாத் தகரம் அடிச்சு, கீழ்நுனியில பீலி வைச்சு, பீலியால கானுக்குள்ள விடுறது. இதுதான் எல்லாரும் செய்யிறது, நானும் அதிலதான் தொடங்கினன். 2020 டிசம்பர் தொடக்கத்தில புரெவி வந்தது ஞாபகம் இருக்கும். அந்த மழை ஓய்ஞ்சு பாத்தால், தகரத்தின்ர கீழ்நுனி சல்லடை. மழை செய்யேல்லை அதை. மழைக்கு முன்னமே மூத்திரம் வேலையைப் பாத்திட்டுது, மழை சும்மா கழுவிக் காட்டினது.

பிறகு என்ன போடலாம்? பைபர் தகடு, விலை. சீமெந்துத் தளம், அதுவும் காலப்போக்கில ஊறி மணக்கும். அப்பத்தான் வேலியோரம் கிடந்த சாமானைக் கண்டன்.

தேர்தல் பதாகை!

2020 ஆவணியில பாராளுமன்றத் தேர்தல் முடிஞ்சது. முடிஞ்சதும் பதாகையளைத் திரும்பிப் பாக்க ஆளில்லை. நல்ல தடிச்ச பிளாஸ்ரிக் சீலை. கறள் பிடிக்காது, ஊறாது, வெயில் படாத இடத்தில வருசக்கணக்கா உழைக்கும். சிலாகையில ஒரு சட்டம் செய்து, பதாகையை முரசுத்தோல் மாதிரி இழுத்து அடிச்சன். கட்சியும் சொல்லமாட்டன், ஆளும் சொல்லமாட்டன். சிரிச்ச முகம். முகத்தைக் கீழ்ப்பக்கம் திருப்பித்தான் அடிச்சனான். மரியாதைக்கு எண்டு நினைச்சிடாதேங்கோ, அச்சடிச்ச பக்கம் மூத்திரம் பட்டால் உரியும். வெள்ளைப் பக்கம்தான் மேல வரோணும்.

(கோயில் திருவிழாப் பதாகையும் ஒண்டு இருந்தது. அம்மா பாத்த பார்வையில திருப்பிச் சுருட்டி வைச்சிட்டன்.)

இதில ஒரு பிரச்சினை, சீலை தொய்யும். தொய்ஞ்ச இடத்தில மூத்திரம் குளம் கட்டும், குளம் கட்டினால் நாத்தம். அதுக்கு மருந்து, சாய்வைக் கூட்டுறதும் அடியில சிலாகையை நெருக்கிப் போடுறதும். பாதிச் சரிவு வேணும், அதாவது ரண்டடிக்கு ஒரு அடி இறக்கம். வடிவு பாத்துச் சாய்வைக் குறைச்சால் பேந்து கையாலதான் வழிக்க வேண்டிவரும்.

கீழ்நுனிக்கு நாலு அங்குல எஸ்லோன் பைப்பை நெடுக்கப் பிளந்து பீலியா வைச்சன். அதின்ர வாய் மூடியுள்ள கானுக்குள்ள.

இப்ப நாத்தத்தின்ர சூத்திரத்தைச் சொல்லுறன், வேற ஒண்டும் ஞாபகம் வைக்காட்டிலும் இதை வைச்சிருங்கோ. மூத்திரத்தில யூரியா. புழுக்கையில கிருமி. ரண்டும் ஒண்டாச் சேர்ந்தால் அந்தக் கிருமி யூரியாவை உடைச்சு அமோனியா ஆக்கும். சேரவிடாட்டில் பாதிக்கு மேல பிரச்சினை முடிஞ்சுது. காய்ஞ்ச முயல் புழுக்கையைக் கையில எடுத்து மணந்து பாருங்கோ, வைக்கோல் மணம்தான் வரும். (மணந்து பாக்கச் சொன்னால் எல்லாரும் பின்னால போயினம்.)

அதால பதாகைக்கு மேல, ஒரு சாண் இடைவெளி விட்டு, ஒரு வலை. புழுக்கை வலையில நிக்கோணும், மூத்திரம் வலையால இறங்கிச் சீலையில ஓடோணும்.

எந்த வலை? தீவில இருந்துகொண்டு வலைக்குப் பஞ்சமோ எண்டு பழைய சூடை வலை ஒண்டை வாங்கினன். கண் பெரிசு, புழுக்கை எல்லாம் நேர கீழ. ரண்டா மடிச்சால் கொஞ்சம் நிண்டது, ஆனா ஒவ்வொரு முடிச்சிலயும் முயல்மயிர் சுத்தி அதைக் கழுவுறது பெரிய சீவியம். பிறகு கிழிஞ்ச நுளம்பு வலை. முதல் நாள் நல்ல வடிவா வேலை செய்தது. மயிர் கொட்டுற காலம் வந்ததும் பஞ்சு மெத்தை மாதிரி அடைச்சுக்கொண்டு, மேல மூத்திரம் தேங்கி, சேரக்கூடாத ரண்டும் ஒண்டாச் சேர்ந்திட்டினம். கடைசியில சரிவந்தது, கோழிக்குஞ்சு அடைக்கச் சுத்திக் கட்டுற பச்சைப் பிளாஸ்ரிக் வலை. அரைச் சென்ரிமீற்றர் கண். கறளுமில்லை, முடிச்சுமில்லை. ரண்டு நாளைக்கு ஒருக்கா நுனியைத் தூக்கி உதறினால் புழுக்கை முழுக்க உருண்டு கடகத்துக்குள்ள வந்து விழும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். நெல்லுக் கொட்டுற மாதிரி எண்டு எழுத வந்தது, வேண்டாம், மெத்தையும் முரசும் காணும்.

இன்னொரு விசயம், பீலி வைக்க முந்தி ரண்டு மூண்டு நாள் முயலைப் பாத்துக்கொண்டிருங்கோ. அது கூடு முழுக்கப் பெய்யாது. ஒரு மூலையைத் தெரிஞ்செடுக்கும், கூடுதலாப் பின்பக்கத்து இருட்டு மூலை. பீலியின்ர வாயை அந்தப் பக்கம் வைச்சால் மூத்திரத்துக்குப் பயணம் குறைவு, சீலையில காயுறதும் குறைவு.

இது பொட்டைக்கு. கடுவனுக்கு வேற சட்டம். கடுவன் நிண்ட நிலையில திரும்பிப் பீய்ச்சும். இது என்ர வீடு எண்டு ஊருக்குச் சொல்லுற முறை அது. ரண்டடி தூரம் போகும். நான் கம்பிக்குக் கிட்டக் குனிஞ்சு தண்ணிச்சட்டி வைக்கேக்க நெத்தியில பட்டிருக்கு. கடுவன் கூட்டுக்கு மூண்டு பக்கமும் ஒரு முழ உயரத்துக்குப் பதாகை அடிச்சிருக்கிறன். (ஆளுக்குப் பிறகு ஒரு தேர்தலும் சரிவரேல்லை எண்டு கேள்வி. எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.)

காலமை எழும்பி நான் முயலைப் பாக்கிறதுக்கு முந்தி வலையைத்தான் பாக்கிறது. உருண்டையா, ஒரே அளவா, காய்ஞ்சு கிடந்தால் சுகம். சின்னனா, கறுத்து இறுகிக் கிடந்தால் தண்ணி காணாது, அல்லது தீன் எடுக்கேல்லை. மணி கோத்த மாதிரி மயிரால தொடுத்துக் கிடந்தால், தன்ர மயிரை நக்கி விழுங்குது, அறுகம்புல் கூட்டோணும். மெதுமெதுவெண்டு குலை குலையாக் கிடந்தால் கவனம். முயல் ஒருவகை மென்புழுக்கை போட்டு, அதை நிலத்தில விழ விடாமலே வாயால எடுத்துத் தின்னும். அருவருக்க வேண்டாம், மாடு அசை போடுறது மாதிரி அதுக்கு அது ரண்டாம் சாப்பாடு. அதைத் தின்னாமல் விட்டிருக்கெண்டால் கட்டித்தீன் கூடிப்போச்சு, இல்லாட்டில் முயல் கொழுத்துப்போய்த் திரும்ப ஏலாமல் கிடக்கு.

மூத்திரம் சிவந்து போனால் பயப்பிடாதேங்கோ. அம்மா ஒருநாள் "ரத்தம் போகுதடா, மிருக வைத்தியரைக் கூப்பிடு" எண்டு கத்தினவ. சில இலைகுழை தின்றால் செம்மஞ்சளில இருந்து சிவப்பு வரைக்கும் நிறம் மாறும். ஒரு நாளில தெளியும். முயல் மூத்திரம் காய்ஞ்சால் வெள்ளையா, சுண்ணாம்பு பூசின மாதிரிப் படியும். அதுகும் வருத்தமில்லை. தின்னுற கல்சியத்தில மிஞ்சினதை முயல் மூத்திரத்தோடதான் வெளியில விடும்.

ஆனா அந்த வெள்ளைப்படை பீலியில ஏறினால் உரஞ்சி எடுக்க ஏலாது. புளிப்புத்தான் அதைக் கரைக்கும். வினாகிரி நல்லது. எங்கட வீட்டில அதைவிட லேசாக் கிடைக்கிறது புளிச்ச கள்ளு. இரவு பீலியில ஊத்தி விட்டால் காலமை கையோட வரும். மாமாவுக்குத்தான் பொறுக்குதில்லை. "குடிக்கிற சாமானைக் கொண்டுபோய் முயல் மூத்திரத்தில ஊத்துறான்" எண்டு வாற சனத்துக்கெல்லாம் சொல்லுறார். புளிச்சுப்போனதைத்தானே மாமா எண்டால், "புளிச்சதுதானடா கள்ளு" எண்டுறார். என்னத்தைச் சொல்ல.

சேர்ந்த மூத்திரம் என்ன செய்யிறது? ஒரு வளர்ந்த முயல் நாளுக்குக் கால் லீற்றருக்குக் கிட்டப் போகும். பத்து முயலெண்டால் கணக்கைப் பாருங்கோ, கான் கெதியா நிரம்பும். அதைப் பத்து மடங்கு தண்ணியில கலந்து வாழைக்கும் முருங்கைக்கும் கத்தரிக்கும் வேரடியில விடுறன். கென்யாவில விவசாயிகள் இதைச் சேர்த்துப் போத்தலில அடைச்சு விக்கினம், பயிருக்கு இலையில தெளிக்கினம். எனக்கு இலையில தெளிக்கிறதில நம்பிக்கை இல்லை, கீரைக்கு அறவே இல்லை. நல்லாக் கலக்காமல் விட்டால் இலை நுனி கருகும். மாரியில நிலம் ஏற்கனவே குடிச்சு முடிச்சிருக்கும், அப்ப ஒண்டும் ஊத்துறேல்லை, மூடி வைக்கிறதுதான். ஊத்தினால் திரும்பவும் கிணத்துக்குத்தானே போகப்போகுது.

புழுக்கைதான் பொன். மாட்டெரு மாதிரி ஆறவிட்டுத்தான் போடோணும் எண்டில்லை, சூடு கிளம்பாது. மரக்கண்டு அடிக்கு நேரயே போடலாம். பச்சையாச் சாப்பிடுற மரக்கறிக்கு மட்டும் மக்கவைச்சுப் போடுறன். 2021 சித்திரை வைகாசியில திடீரெண்டு இரசாயன உரத்தை நிப்பாட்டினம், ஞாபகமோ? கார்த்திகையில திருப்பி விட்டினம். அந்த இடைவெளியில, அதுவரைக்கும் "முயல்காரன்" எண்டு நக்கல் அடிச்ச ஆக்கள் முழுப்பேரும் உரப்பையோட படலையில நிண்டவை. வேலணையில இருந்துகூட ஒராள் மோட்டார்சைக்கிளில வந்தவர்.

கூட்டுக்குக் கீழயே மண்புழு விடுங்கோ எண்டும் காணொளியள் சொல்லும். விட்டுப் பாத்தன். புழு வேலியோரத்துக்குத் தப்பி ஓடிட்டுது. மூத்திரத்தின்ர உப்பும் அமோனியாவும் அதுக்குத் தோலை எரிக்கும். அதோட, காயாமல் இருக்கத் தெளிச்ச எங்கட சவர்த்தண்ணி. புழுவைக் கடலில விட்ட மாதிரித்தான் அது. இப்ப புழுத்தொட்டி தனிய, நிழலில. புழுக்கை, காய்ஞ்ச பூவரசம் இலை, கொஞ்சம் சாணி, மழைத்தண்ணி. மழைத்தண்ணி இல்லாத காலத்தில புழுவும் இல்லை, சும்மா கும்பி.

கும்பிக்கும் ஒரு எச்சரிக்கை. எருக் கும்பியை மாதக்கணக்காக் கிளறாமல் விட்டால் காண்டாமிருக வண்டு வந்து முட்டை இடும். உள்ள தடிச்ச வெள்ளைப்புழு, பழுப்புத் தலையோட, வளைஞ்சு கிடக்கும். அது வண்டாகி எங்க போகும்? தென்னங்குருத்துக்கும் பனங்குருத்துக்கும். முயலெருவில காய் காய்க்க வைக்கப்போய் ஒழுங்கையிலுள்ள தென்னையெல்லாத்தையும் விசிறி வெட்டின மாதிரி ஆக்காதேங்கோ. கிளறினால் கோழியள் பாத்துக்கொள்ளும், அதுகளுக்கு அது விருந்து.

எறும்புக்கு வருவம். குட்டி போட்ட கூட்டுக்குள்ள எறும்பு ஏறினால் காலமை நீங்கள் பாக்க விரும்பாத காட்சி. கூட்டுக்காலைத் தண்ணிச் சிரட்டையில வைக்கச் சொல்லுவினம். சிரட்டையில தண்ணி நிண்டால் நுளம்பு, நுளம்பெண்டால் டெங்கு, டெங்கெண்டால் பீ.எச்.ஐ. வளவுக்குள்ள. உப்புத்தண்ணி விடு, நுளம்பு வராது எண்டார் ஒழுங்கை அண்ணை. அதுவும் சரிவராது. டெங்கு நுளம்பு சவர்த்தண்ணியிலயும் பெருகுது எண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆக்கள் பத்துப் பதினைஞ்சு வருசத்துக்கு முன்னமே கண்டுபிடிச்சு எழுதினவை. இயந்திரக் கழிவெண்ணெய் விட்டால் ரண்டும் வராது, ஆனா சிந்தினால் அது எங்க போகும்? சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணெய் மிதந்த கதை தெரிஞ்ச பிறகும் அதைச் செய்ய மனம் வரேல்லை. கால் நடுவில நாலு விரல் அகலத்துக்கு கிறீஸ் பூசி விட்டிருக்கிறன். தூசி படியப் படியத் துடைச்சுப் பூசோணும். அலுப்புத்தான், ஆனா வேலை செய்யுது.

அதே அண்ணை, இதெல்லாத்தையும் பாத்திட்டு ஒருநாள் சொன்னார்: "தம்பி, உந்தக் கூடும் பீலியும் என்னத்துக்கு? வளவைச் சுத்தி அடைச்சுப்போட்டுச் சும்மா விடன், தன்ர பாட்டில பெருகும்."

பெருகும். அதுதான் பயம்.

1420களில போர்த்துக்கீசர் போர்த்தோ சாந்தோ எண்ட சின்னத் தீவில முயலை விட்டினம். விட்டவர் பெரெஸ்ரெல்லோ, பிற்காலத்தில கொலம்பஸுக்கு மாமனாரா ஆன மனிசன். விதைச்சதெல்லாத்தையும் முயல் தின்ன, குடியேறின சனம் தாக்குப்பிடிக்க ஏலாமல் கொஞ்சக் காலம் தீவையே விட்டிட்டுப் போச்சுது. ஹவாய்ப் பக்கத்து லேசன் தீவில 1903இல விட்டினம். இருபது வருசத்தில தீவே மணல்வெளி, அங்க மட்டும் இருந்த குருவிச் சாதிகள் சிலது உலகத்திலயே இல்லை. ரண்டும் தீவு, பாருங்கோ. எங்கட நாயள் விடாது எண்டது உண்மைதான், எண்டாலும் நான் அந்தப் பரிசோதனைக்கு ஆளில்லை. மண்ணில விட்டால் தன்ர கழிவுக்கு மேலயே படுத்து, அதில இருக்கிற கிருமி வயித்துக்குள்ள போய், குட்டியள் வயிறு ஊதிக் கழிஞ்சு சாகும். கம்பித்தளத்தில அந்த வருத்தம் பெரிய அளவில குறைவு.

இன்னும் சரிவராத ஒண்டு, பீலியில அடைக்கிற மயிர். பங்குனியில ஒரு கொட்டு, பிறகும் ஒரு கொட்டு. மயிரும் வெள்ளைப்படையும் சேர்ந்து பைப்பின்ர வாயில ஒரு தக்கை மாதிரி இறுகும். பழைய பல்துலக்கியைத் தடியில கட்டி இழுக்கிறன். வாய்க்கு முன்னால ஒரு சாண் நீளத்துக்கு வலைத்துண்டு சொருகிப் பாத்தன், பரவாயில்லை. பைப்பை அகலப் பிளந்தால் இன்னும் நல்லா வரும்போல கிடக்கு, இந்த மாரிக்கு முந்தி மாத்தப்போறன்.

மச்சானுக்கு இன்னும் பதில் அனுப்பேல்லை. அவருக்கு எழுத வேண்டியதெல்லாம் இங்கயே எழுதியாச்சு, இணைப்பை அனுப்பிவிடுறன். ஐஞ்சு அடுக்குக் காசை அனுப்பினால் எனக்கு நல்ல பைபர் தகடு வாங்கலாம்.

மற்றது, முயல் கேட்டு எடுக்கிற ஆக்களுக்கு: இப்போதைக்குக் குட்டி இல்லை, வெயில் இறங்கட்டும். எரு இருக்கு, பின்னேரத்தில வாங்கோ. உரப்பையை நீங்கள்தான் கொண்டுவரோணும்.